பன்னிரண்டு ஆரக்கால்

அன்புள்ள ஐயா,

என் அப்பா போன வாரம் தவறிவிட்டார். வயது 74. பாலக்கோடு பக்கம் மாட்டு வண்டி செய்த ஆசாரி. தர்மபுரி தனி மாவட்டமான 1965இல் உளி எடுத்தவர். டயர் வண்டியும் டிராக்டரும் வந்தபின் நிலை, ஜன்னல் செய்து எங்களைப் படிக்க வைத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் போடுகிறோம். ‘உழைப்பால் உயர்ந்தவர், பாசமிகு தந்தை’ என்று தொடங்கினேன், மேலே ஓடவில்லை. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை. மிச்ச மரத்தில் அக்காவுக்கு ஒரு நடைவண்டி செய்தார். அதைப் பிடித்துத்தான் நாங்கள் நாலு பேரும் நடந்தோம். வேறென்ன எழுதுவது? எத்தனை பக்கம் போடலாம்? அவருடைய சாமான்களை என்ன செய்வது?

சி.

அன்புள்ள சி.,

பக்கக் கணக்கை அச்சகத்தில் கேளுங்கள். சாமான்களைப் பழைய இரும்புக்குப் போட்டதாகத் தெரிந்தால் உங்களோடு பேச்சே கிடையாது.

‘பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை.’ எப்படித் தம்பி இதை எழுதக் கை வந்தது?

என் அப்பா காவேரிப்பட்டினத்தில் வண்டி ஓட்டினவர். (அன்று அதுவும் தர்மபுரி மாவட்டம்தான், 2004இல்தான் கிருஷ்ணகிரி பிரிந்தது.) சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டுகிற நாளில் ஆசாரியிடம் என்னையும் கூட்டிப்போவார். பன்னிரண்டு ஆரக்கால், அவற்றின் தலையில் ஆறு வட்டை, அதாவது விளிம்பாகச் சேரும் வளைந்த மரத்துண்டுகள். அந்தச் சுற்றளவைவிட இரும்புப் பட்டா ஒரு விரற்கடை குறைவாக இருக்கும். வரட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். பழுத்த பட்டா விரிந்து சக்கரத்தில் இறங்கும், மரம் புகையும். ‘ஊத்துடா’ என்று ஆசாரி கத்தினால் வாளித் தண்ணீரைச் சாய்ப்பது என் வேலை. இரும்பு சுருங்கச் சுருங்க மூட்டெல்லாம் நறநறவென்று இறுகும். ஆறியபின் அவர் சுத்தியலால் ஆரக்கால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுப்பார். ஒருமுறை, ‘இது பேசமாட்டேங்குது’ என்றார். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். ஒரு மரச் சில்லைச் செதுக்கி ஆப்பாக இறக்கிவிட்டுத்தான் எங்களைப் போகவிட்டார்.

அந்த ஒரு விரற்கடையை யோசித்துப் பாருங்கள். கூடுதலாகக் குறைத்தால் ஆரக்கால் வளையும். குறைக்காவிட்டால் பங்குனி வெயிலில் மரம் வற்றி, பட்டா கழன்று ரோட்டில் தனியாக ஓடும். எந்த மரத்துக்கு, நம் ஊர் வெயிலுக்கு, எவ்வளவு விடவேண்டும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. இதற்குப் பெயர் உழைப்பா? உழைப்பை மாடுகூடத்தான் செய்கிறது. நாற்காலியில் இருப்பவனுக்கு அறிவு, உளி பிடித்தவனுக்கு உழைப்பு என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறோம். புகழ்கிற சாக்கில் மட்டம் தட்டுகிற வேலை இது. என் அப்பா போனபோது நானும் ‘அயராத உழைப்பாளி’ என்றுதான் நோட்டீஸ் அடித்தேன். மாட்டின் நடையைப் பார்த்தே எந்தக் காலில் லாடம் தேய்ந்திருக்கிறது என்று சொல்வார் அவர். அதை எழுதவில்லை. ஆகவே கோபம் உங்கள்மேல் மட்டும் இல்லை.

நடைவண்டியைச் சொன்ன பிறகு ‘பாசமிகு’ எதற்கு? என்ன மரத்தில் செய்தார், நாலு பிள்ளைகள் தள்ளியும் எது ஆடவில்லை, எதை மாற்றினார் என்று அக்காவிடம் கேட்டு எழுதுங்கள். அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது? அதைச் சொல்லாமலே கடிதத்தை முடித்துவிட்டீர்களே.