சமச்சீர் அணிக்கு (மூலைவிட்டத்தின் இருபுறமும் ஒரே எண்கள் எதிரெதிராக அமைந்த அணி) ஐகன் பிரிப்பு எப்போதும் உண்டு என்றால், சோலெஸ்கி பிரிப்பு எதற்கு?

இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. அணியால் பெருக்கினாலும் தன் கோட்டிலேயே நிற்கும் வெக்டர்தான் ஐகன் வெக்டர்; அது எத்தனை மடங்காகிறதோ அதுதான் ஐகன் மதிப்பு. அணியை இவற்றைக் கொண்டு எழுதுவதே ஐகன் பிரிப்பு.

உறுப்புகள் மெய்யெண்களாக உள்ள சமச்சீர் அணியின் ஐகன் மதிப்புகள் எல்லாமே மெய்யெண்கள்தான். வெவ்வேறு மதிப்புகளுக்குரிய ஐகன் வெக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்து. (2, 1), (1, 2) என்ற நிரைகளை எடுங்கள்: மதிப்புகள் 3, 1, வெக்டர்கள் (1, 1), (1, −1). புள்ளிப் பெருக்கல் 1 − 1 = 0. அந்தத் திசைகளில் அணி வெறுமனே நீட்டவோ சுருக்கவோ எதிர்த்திசைக்குத் திருப்பவோதான் செய்கிறது. அணியின் குணத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பிரிப்பு கிடையாது. ஆனால் பெரிய அணிக்குத் திரும்பத் திரும்பத் தோராயம் செய்துதான் மதிப்புகளை எட்ட முடியும்.

சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்ப்பது மட்டும்தான் நோக்கமென்றால் அவ்வளவு பாடு தேவையில்லை. இங்கேதான் சோலெஸ்கி வருகிறார் (நில அளவைக் கணக்குகளோடு மல்லுக்கட்டிய பிரெஞ்சு ராணுவ அதிகாரி, 1918-ல் இறந்தார்). அணியைக் கீழ் முக்கோண அணி, அதன் நிரை நிரல் மாற்று (நிரைகளை நிரல்களாக மாற்றி எழுதியது) ஆகியவற்றின் பெருக்கலாக எழுதுவது இவர் வழி. (4, 2), (2, 5) என்ற அணியில்: √4 = 2; 2 ÷ 2 = 1; √(5 − 1²) = 2. முக்கோண அணியின் நிரைகள் (2, 0), (1, 2). முடிந்தது!

அதே அணியில் இரண்டு 2-களையும் 6 ஆக்கிப் பாருங்கள். 6 ÷ 2 = 3; அடுத்து √(5 − 9). மாட்டிக்கொண்டோம். மூலைவிட்டத்தில் மிகை எண்கள் இருந்தும் ஓர் ஐகன் மதிப்பு குறை எண்ணாகிவிட்டது. எல்லா ஐகன் மதிப்புகளும் மிகையாக இருந்தால்தான் இந்த வழி தடையில்லாமல் ஓடும்; அதனால் அவை மிகையா என்று சோதிக்கவே பலர் சோலெஸ்கியை ஓட்டிப் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான்.