மோயஸும் இரண்டு கோழிக் கொத்தும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தோட்டங்களை நடத்த வருகிற புதுத் துரைமாரைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதில், ‘இதுவும் மோயஸ் கதையாக முடியாமல் இருந்தால் சரி’ என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தது. அது எனக்கு உறுத்தலாக இருந்தது. 2013-ல் நான் மஸ்கெலியாவில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். மன்செஸ்டர் யுனைட்டெட் உதைபந்தாட்டக் கழகம் என்றால் உயிர். அங்கே நெடுங்காலம் மனேஜராக இருந்த அலெக்ஸ் பெர்குசனின் இடத்துக்கு வந்த டேவிட் மோயஸைப் பெரியவர்கள் திட்டினார்கள், நானும் திட்டினேன். இப்போது பழைய மெட்ச்களைத் தேடிப் பார்க்கும்போது அந்த மனிதருக்கு அநியாயம் நடந்த மாதிரியே தெரிகிறது. பெர்குசனுக்கு முதல் கிண்ணம் கிடைக்க மூன்றரை வருடம் பிடித்தது. மோயஸுக்குப் பத்து மாதம்கூடக் கொடுக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த பெரிய பெயர்க்காரர்களும் லீக்கை வெல்லவில்லையே? அப்படியென்றால் பிழை அவரிடமா, கழகத்திடமா? அதைவிட முக்கியமாக, உங்களைப் போன்ற மூத்த ரசிகர்கள் ‘இவர் சரிவர மாட்டார்’ என்று அன்றைக்கே எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பெயர் வேண்டாம், அண்ணா.
மஸ்கெலியா

*

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நாங்கள் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. இப்போது எங்கள் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்பார்கள். 2013 மே மாதம் ஹட்டனில் அப்படிச் சொன்ன யுனைட்டெட்காரர் ஒருவரையும் நான் காணவில்லை. சொன்னது ஒரே ஆள், என் மச்சான். அவன் லிவர்பூல் கட்சி. நாங்கள் நாசமாகப் போவோம் என்று அவன் வருடா வருடம் சொல்வான், அந்த வருடம் பலித்துவிட்டது.

மே 8, புதன்கிழமை, பெர்குசன் விலகுகிறார் என்று செய்தி. மறுநாளே மோயஸ் பெயரை அறிவித்துவிட்டார்கள். அன்று பின்னேரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மச்சான், “முதல் நாலுக்குள்ள வர மாட்டீங்கடா” என்றான். நான் மேசையில் தட்டிப் பந்தயம் கட்டினேன். இரண்டு கோழிக் கொத்து ரொட்டி, முட்டை கூடுதலாகப் போட்டு. கடைக்காரர்தான் சாட்சி.

ஏன் அவ்வளவு தைரியம் என்று கேட்கலாம். மோயஸ் கிளாஸ்கோவில் பிறந்தவர், பெர்குசனும் கிளாஸ்கோ. எவர்ட்டன் கழகத்தில் பெரிய காசில்லாமல் 11 வருடம் குடும்பம் நடத்திக் காட்டியவர். பெர்குசனே கைகாட்டிய ஆள். ஆறு வருட ஒப்பந்தம். அந்த மே 12-ஆம் திகதி பெர்குசன் எங்கள் ஓல்ட் ட்ரஃபர்ட் மைதானத்தின் நடுவில் மைக்கைப் பிடித்து, புது மனேஜர் பக்கம் நிற்பதுதான் இனி உங்கள் வேலை என்று சொன்னார். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது இன்னொரு பெர்குசன். அதே ஊர், அதே கண்டிப்பு முகம், போதாதா? மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் ஜாடையைப் பார்த்து மயங்குவார்களே, அந்த மயக்கம். எவர்ட்டனில் ஒரு கிண்ணமும் வாங்காதவர் என்பது அப்போது எங்கள் கண்ணில் படவே இல்லை.

சரி, காலம் கொடுக்கவில்லை என்கிறீர்கள். இங்கேதான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 1986 நவம்பரில் பெர்குசன் வந்தபோது யுனைட்டெட் பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கே எதைத் தூக்கி எறிந்தாலும் கேட்க ஆளில்லை. மோயஸ் வாங்கியது 11 புள்ளி வித்தியாசத்தில் லீக்கை வென்றிருந்த வீட்டை. இரண்டு பேருக்கும் ஒரே தராசு சரிவராது.

ஆனால் அந்த வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியிருந்ததும் உண்மை. நீங்கள் தோட்டத்துப் பிள்ளை, உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்ட வேண்டும். வெட்டினால் அந்த மலையில் சில மாதம் கொழுந்து கிடையாது, கிலோ விழுந்துவிடும். அதனால் சில துரைமார் இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளுவார்கள். அடுத்த வருடம் அவருக்கு மாற்றல் வந்துவிடும், பிறகு வருகிறவர் பாடு. பெர்குசனின் கடைசி அணி அப்படிக் கவாத்து தள்ளிப்போன மலை. ஃபெர்டினண்டுக்கு 34 வயது. எவ்ராவுக்கு 32, விடிச்சும் கரிக்கும் 31. கிக்ஸுக்கு 39, ஆடிக்கொண்டே இருந்தார். ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த லீக்கைத் தன் 26 கோல்களால் தூக்கி நிறுத்திய வான் பெர்சியும் முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கொழுந்துவரை எடுத்துக்கொண்டுதான் கிழவர் சாவியைக் கொடுத்தார்.

ஆக, வருகிறவர் கையில் கவாத்துக் கத்தி இருந்தே ஆகவேண்டும். மோயஸ் கையிலும் இருந்தது. அவர் அதை எங்கே வைத்தார் என்பதுதான் என் குறை. பெர்குசனோடு பல வருடம் இருந்த பயிற்றுவிப்பாளர்கள் மைக் ஃபீலன், ரெனே மியூலன்ஸ்டீன், கோல்காப்பாளர்களைப் பார்த்துக்கொண்ட எரிக் ஸ்டீல், மூன்று பேரும் அந்தக் கோடையிலேயே போய்விட்டார்கள். எவர்ட்டனில் தன்னோடு இருந்தவர்களை மோயஸ் கூட்டிக்கொண்டு வந்தார். வயதேறிய செடி அப்படியே நிற்கிறது, செடியைத் தெரிந்த ஆட்கள் வெளியே!

இப்படி ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். புதிதாக வந்த பெரியதுரை, முப்பது வருடம் மலையில் நின்று கொழுந்து வேலை பார்த்த ஒரு கணக்கப்பிள்ளையைத் தொழிற்சாலைப் பக்கம் மாற்றிவிட்டார். அந்த மனுஷனிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. மழைக்குப் பிறகு எந்த மலை முதலில் துளிர்க்கும், எதை இரண்டு நாள் விட்டால் முத்திப்போகும், எந்த நிரையில் யாரைப் போட்டால் சண்டை வராது, எல்லாம் தலைக்குள். துரையிடம் நல்ல அட்டவணை இருந்தது, வர்ணம் தீட்டியது. மூன்று சுற்றுக்குள் முத்தல் கொழுந்து வந்து தொழிற்சாலையில் டீமேக்கர் கத்தத் தொடங்கினார். அந்தத் துரை கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்தவர்.

இனி 2014 பெப்ரவரி 9, ஞாயிறு. பனி கொட்டுகிற மாதம். மச்சான் வீட்டுக் காம்பராவில் பதினோரு பேர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இரவு ஒன்பதரைக்கு ஃபுல்ஹாம் மெட்ச். ஃபுல்ஹாம் அன்றைக்குப் பட்டியலில் கடைசி. அவர்களுடைய மனேஜர் யார் தெரியுமா? அதே ரெனே மியூலன்ஸ்டீன். எட்டு மாதத்துக்கு முன்னால் நம் வீட்டில் இருந்தவர் இப்போது எதிர்ப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு.

அன்று யுனைட்டெட் ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் தூக்கிப் போட்ட பந்துகள் 81. எண்பத்தொன்று! இடப்பக்கம் ஓடு, தூக்கிப் போடு. வலப்பக்கம் ஓடு, தூக்கிப் போடு. நடுவில் ஃபுல்ஹாமின் டான் பேர்ன், ஆறரை அடி ஆள், ஒவ்வொன்றையும் தலையால் முட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். சின்னக் கழகங்களில் ஆடிய காலத்துக்குப் பிறகு இத்தனை பந்தைத் தலையால் முட்டியதில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

மூலையில் குந்தியிருந்த மச்சானின் அப்பாயி, நாற்பது வருடம் கொழுந்தெடுத்த கை, தூக்கம் கலைந்து கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கேட்டது: “ஏன்டா, ஒரே நெரையில எத்தன தடவடா போவான்?”

ஒருவரும் சிரிக்கவில்லை. 78-ஆவது நிமிடம் வான் பெர்சி, 80-ல் கரிக். இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் வந்தோம், கம்பளிகள் பறந்தன. மேலதிக நேரத்தில் டேரன் பென்ட் சமப்படுத்திவிட்டான். இரண்டுக்கு இரண்டு. மச்சான் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தான். அவன் வாயை மூடியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்குத்தான், தம்பி, எனக்குத் தெரிந்தது. மே மாதத்தில் அல்ல. (ஐந்து நாள் கழித்து மியூலன்ஸ்டீனையும் ஃபுல்ஹாம் வீட்டுக்கு அனுப்பியது, அந்த சீசனிலேயே கீழே இறங்கியது. அவரை வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை.)

அதற்குமுன் வந்த தோல்விகளைச் சீக்கிரம் கடக்கிறேன். ஓல்ட் ட்ரஃபர்டில் நியூகாசில் வென்றது 1972-க்குப் பிறகு முதல் தடவை, எவர்ட்டன் 1992-க்குப் பிறகு. அதைவிட அவர் பேச்சுத்தான் என்னைச் சுட்டது. மார்ச்சில் லிவர்பூல் வருவதற்கு முன், பட்டியலைப் பார்த்தால் அவர்கள்தான் வெல்லக்கூடியவர்களாக வருகிறார்கள் என்கிற மாதிரிச் சொன்னார். மூன்றுக்குப் பூச்சியத்தில் தோற்றோம். ஒன்பது நாளில் மன்செஸ்டர் சிட்டியோடும் அதே மூன்று பூச்சியம். அப்புறம், அந்த நிலைக்கு வரத்தான் நாமும் முயல வேண்டும் என்றார். உண்மையைத்தான் சொன்னார், பாவம். எவர்ட்டனில் அது அடக்கம். அங்கே கைதட்டியிருப்பார்கள்.

கழகத்தின் பங்கைக் கேட்டீர்கள். நிறைய. பெர்குசனோடு சேர்ந்து தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். வந்த எட் வுட்வர்ட் இந்த வியாபாரத்துக்குப் புதிது. ஒரே கோடையில் சமையற்காரரும் மளிகைக்காரரும் சேர்ந்து மாறினால் என்ன ஆகும்? பல பேரைத் துரத்தி, கடைசி நாளில் கையில் மிஞ்சியது ஃபெல்லெய்னி மட்டும், 27.5 மில்லியன் பவுண்டுக்கு. சில வாரம் முந்தியிருந்தால் ஒப்பந்த விதிப்படி அதைவிடக் குறைவாக எடுத்திருக்கலாம். சந்தையில் சுற்றிவிட்டு, கடைசி பஸ் கிளம்பும்போது கத்தரிக்காயை அள்ளிக்கொண்டு ஓடுகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர் வருகிறவரைக் கைகாட்டுவதில் இந்தக் கழகத்துக்கு முன் அனுபவமும் இருந்தது. பழைய மனேஜர் மட் பஸ்பி 1969-ல் விலகியபோது இடத்தைப் பிடித்த வில்ஃப் மகின்னஸுக்கு 31 வயதுதான். பஸ்பி கழகத்துக்குள்ளேயே பதவியில் இருந்தார். 1970 டிசம்பரில் மகின்னஸை இறக்கிவிட்டுக் கிழவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். மோயஸுக்கும் மேலே இருக்கையில் பெர்குசன். ஒவ்வொரு கோல் விழும்போதும் கமரா முதலில் அவர் முகத்துக்குத்தான் போகும். நாங்களும் அதைத்தான் பார்த்தோம்.

நீங்கள் ‘அநியாயம்’ என்ற சொல்லை ரசிகர்களான எங்களுக்குப் போட்டிருந்தால் நான் தலைகுனிந்து வாங்கியிருப்பேன். ஓல்ட் ட்ரஃபர்டின் ஸ்ட்ரெட்ஃபோர்ட் பக்கத்தில் ‘தெரிந்தெடுக்கப்பட்டவர்’ என்று அவர் படத்தோடு ஒரு பதாகை தொங்கியது. மார்ச் 29 அன்று யாரோ காசு சேர்த்து, ‘தவறானவர், மோயஸ் வெளியேறு’ என்று எழுதிய பதாகையோடு மைதானத்துக்கு மேலே ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்து அந்த விமானத்தைத்தான் கூவிக் கேலி செய்தார்கள். மோயஸுக்குக் கைதட்டினார்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, குளிரில் நின்று, வாராவாரம் அடிவாங்கியவர்கள் அவர்கள். இங்கே தகரக் கூரையில் டிஷ் வைத்துப் பார்த்த நாங்கள்தான் விமானத்தைக் கண்டு விசிலடித்தோம். நான் அடித்தேன்.

ஏப்ரல் 20, சித்திரைப் பெருநாள் லீவு முடிந்து கொழும்புக்காரப் பிள்ளைகள் திரும்பிக்கொண்டிருந்த சமயம். மோயஸின் பழைய வீடான எவர்ட்டனிலேயே இரண்டுக்குப் பூச்சியத்தில் தோற்றோம். மோயஸுக்குப் பின்னால் ஒருவன் கறுப்பு அங்கியும் நீள அரிவாளுமாக நின்றான், அவர்கள் ஊர் எமன். திங்கட்கிழமையே பத்திரிகைக்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, செவ்வாய் காலைதான் முறையாக அறிவித்தார்கள். ஆறு வருடத்துக்குப் பேர் பதிந்தவருக்குப் பத்து மாதத்தில் பேர் வெட்டு. 51 மெட்ச், 27 வெற்றி, 15 தோல்வி. சீசன் முடிவில் ஏழாம் இடம்.

அப்படிப் பேர் வெட்டிய முறை அசிங்கம் என்பதில் நீங்களும் நானும் ஒரே கட்சி. ஆனாலும் இன்னொரு வருடம் கொடுத்திருந்தால் ஏழாம் இடம் ஐந்தாம் இடமாகியிருக்கும், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். பிறகு வந்த வான் காலும் மொரீன்யோவும் கிண்ணங்களாவது கொண்டுவந்தார்கள். லீக்கைத் தொட முடியாதது உங்கள் கழகக் குற்றச்சாட்டுக்குச் சாட்சி, அதை ஏற்றுக்கொள்கிறேன்.

2023 ஜூன் 7. வெஸ்ட் ஹாமை வைத்துக்கொண்டு மோயஸ் பிராகில் ஐரோப்பிய கொன்பரன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் நின்றார். இங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. 90-ஆவது நிமிடம் ஜரட் போவன் அடித்த கோலில் ஃபியோரன்டீனாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். அறுபது வயது மனுஷன் பிள்ளை மாதிரி எல்லைக்கோட்டில் ஓடினார். பிறகு தன் பதக்கத்தைக் கழற்றி, மைதானத்துக்கு வந்திருந்த கிழட்டு அப்பாவின் கழுத்தில் போட்டார். நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ போல் இருந்தது. மச்சானுக்கு உடனே ஒரு மெசேஜ் போட்டேன்: “பார்த்தியா, அந்த ஆளு கடைசியில செஞ்சிட்டார்.”

விடிந்த பிறகுதான் பதில் வந்தது. “செஞ்சது வெஸ்ட் ஹாமுக்கு. கொத்துக் காசு திரும்பத் தர மாட்டேன்.”