ஃபிளாஷ் சிப்பில் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை இடம் வீணாகாமல் வைப்பது எப்படி?

உங்கள் கேள்வி: இஎஸ்பி32 (சின்ன மைக்ரோகண்ட்ரோலர்), 16 எம்பி வெளி ஃபிளாஷ், அதில் லிட்டில்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். நிமிடத்துக்கு ஒரு அளவீடு, ஒவ்வொன்றும் 600 பைட் ஜேசன் ஃபைல். 4,000 ஃபைல் வருமுன்னே சிப் நிரம்பிவிட்டது. கூட்டிப் பார்த்தால் 2.4 எம்பி கூட வரவில்லை. மிச்சம் எங்கே?

ஒவ்வொரு ஃபைலுக்குப் பின்னாலும் வெறுமையாகக் கிடக்கிறது. இந்த சிப்பைக் குறைந்தது 4,096 பைட் கொண்ட ஒரு செக்டராகத்தான் அழிக்க முடியும்; மொத்தம் 4,096 செக்டர். 600 பைட் ஃபைலும் ஒரு செக்டரை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். மிகச் சின்ன ஃபைலை லிட்டில்எஃப்எஸ் டைரக்டரிப் பதிவுக்குள்ளேயே வைத்துவிடும். ஆனால் அதன் எல்லை பிளாக்கில் (இங்கே ஒரு செக்டர்தான் ஒரு பிளாக்) எட்டில் ஒரு பங்கு, அதாவது 512 பைட். நீங்கள் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறீர்கள். ஜேசனைச் சுருக்கினால் ஓரளவு இடம் மிஞ்சும், ஆனால் ஒரே டைரக்டரியில் ஆயிரக்கணக்கில் சேரும்போது தேடல் மந்தமாகும். நாளுக்கொரு ஃபோல்டர் போடலாம். ஃபைலுக்கொரு ஃபோல்டர் வேண்டவே வேண்டாம், வெறும் ஃபோல்டருக்கே 2 பிளாக் போய்விடும்.

என்னைக் கேட்டால், அளவீட்டுக்கு ஃபைலே தேவையில்லை. கடன் சொல்லி வாங்கும் ஒவ்வொருவருக்கும் கடைக்காரர் புதுக் கொப்பியா திறக்கிறார்? ஒரே கொப்பியில் அடுத்த வரி, அவ்வளவுதான்.

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் தண்ணீர்த் தாங்கிகளில் நாங்கள் பொருத்தும், அளவீடுகளைப் பதியும் லாகர்களில் செய்வது இதுதான். சிப்பில் ஃபைல் சிஸ்டமே இல்லை. ஒரு அளவீடு 64 பைட்: வரிசை எண், நேரம், நீர்மட்டம், மோட்டார் கரண்ட், கடைசியில் சிஆர்சி (பதிவு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்). 64 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. சிப் ஒரு தடவையில் எழுதும் பேஜ் 256 பைட். அந்த எல்லையைத் தாண்டி எழுதினால் மிச்சம் அதே பேஜின் தொடக்கத்துக்குச் சுற்றி வந்து பழையதைக் கெடுக்கும். நாலு பதிவு ஒரு பேஜில் கச்சிதமாக அடங்கும். செக்டருக்கு 64, சிப்புக்கு 2,62,144 பதிவு. நிமிடத்துக்கு ஒன்று என்றால் 182 நாள் ஓடும். அப்புறம் தொடக்கத்துக்கு வந்து பழைய செக்டரை அழித்து எழுத வேண்டியதுதான். ஒவ்வொரு செக்டரும் அரை வருடத்துக்கு ஒரு தடவை மட்டுமே அழிவதால், 1,00,000 தடவை என்ற ஆயுள் எல்லை பக்கத்தில்கூட வராது.

லிட்டில்எஃப்எஸ்ஸில் ஒரே பெரிய ஃபைலின் வாலில் சேர்த்தால் போதாதா? சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு நிமிடமும் திறந்து மூடினால், பாதி நிரம்பிய கடைசி பிளாக்கைப் புது இடத்துக்குப் பிரதி எடுத்துத்தான் தொடரும். 64 பைட்டுக்காக ஒரு செக்டரை அழிப்பது பாவம்.

கரண்ட் போவதையும் யோசியுங்கள். 2022 மார்ச் கடைசியில் இங்கே இலங்கையில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்தது. எழுதும் பாதியில் நின்றால் அந்தப் பதிவின் சிஆர்சி பொருந்தாது. அதை விட்டுவிட்டு அடுத்த இடத்தில் எழுதுங்கள். பாதியில் நின்ற அழிப்புதான் ஆபத்து: செக்டர் வெறுமை போலத் தெரியும், பிட்டுகள் உறுதியாக இருக்காது. அதனால் பூட் ஆகும்போது, அடுத்து எழுதப் போகும் செக்டர் இன்னும் தொடங்காததாக இருந்தால் அதை மறுபடியும் அழித்துவிடுங்கள்.

வைஃபை கடவுச்சொல், அளவுத்திருத்த மதிப்புகள் போன்றவற்றுக்கு லிட்டில்எஃப்எஸ் அருமை, அங்கேயே இருக்கட்டும்.

சிப்பைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், முதலில் முழுக் கொள்ளளவும் எழுதி வாசித்துப் பாருங்கள். 8 எம்பி சிப் கைக்கு வந்திருந்தால் மேல் பாதி முகவரிகள் கீழ்ப் பாதியிலேயே போய் விழும்.