டண்ட்ராவா, எஃப்-150யா, சில்வராடோவா: செகண்ட்ஹேண்டில் எந்த பிக்கப்?

அமெரிக்காவில் வருஷத்துக்கு 15,000 மைல் ஓட்டுவேன், இன்ஜின் தொல்லை தரக்கூடாது, மைலேஜும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வண்டியில் அமைவது கஷ்டம்.

உழைப்புக்குப் பெயர் வாங்கியது 2021 வரை வந்த டொயோட்டா டண்ட்ராவின் 5.7 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது, எளிமையான இன்ஜின். ஆனால் டூ-வீல் டிரைவிலேயே கேலனுக்கு 15 மைல்தான். ஃபோர்டின் எஃப்-150 ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது) டூ-வீல் டிரைவில் 25 தரும். உங்கள் ஓட்டத்துக்கு முதலாவது 1,000 கேலன் குடிக்கும், இரண்டாவது 600. டிரெய்லர் மாட்டினால் இரண்டின் மைலேஜும் இறங்கும்.

'டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு' என்பதை மட்டும் கேட்காதீர்கள். 2022இல் டண்ட்ராவில் வி8க்குப் பதில் இரட்டை டர்போ வி6 (ஆறு சிலிண்டர்) வந்தது. தயாரிப்பின்போது இன்ஜினுக்குள் தங்கிய உலோகத் துகள்களால், டொயோட்டாவின் சொகுசு வண்டியான லெக்சஸ் எல்எக்ஸும் சேர்த்து சுமார் ஒரு லட்சம் வண்டிகளை 2024இல் ரீகால் செய்தார்கள், அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள். சில்வராடோவைத் தயாரிக்கும் ஜிஎம்மின் 6.2 லிட்டர் வி8க்கும் 2025இல் பெரிய ரீகால் வந்தது.

நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்றால் சில்வராடோவின் 3.0 லிட்டர் டீசல் அருமை. ஒரு சிக்கல்: ஆரம்ப மாடல்களில் ஆயில் பம்ப் பெல்ட்டை 150,000 மைலில் மாற்ற வேண்டும். அது இன்ஜினின் பின்பக்கம் இருப்பதால் கியர்பாக்ஸையே இறக்கணும். அந்த மைலை நெருங்கிய வண்டியென்றால் விலையில் அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

என் ஓட்டு, நகர ஓட்டம் அதிகமென்றால் ஹைபிரிட்டுக்கு. பத்து வருஷம் வைத்திருப்பதென்றால் பழைய வி8 டண்ட்ராவுக்கு. எதுவானாலும், முன்பணம் தருவதற்குள் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணை (வின்) அரசின் ரீகால் தளத்தில் போட்டுப் பாருங்கள்.