கூடை இலவசம், சுமப்பது யார்?

கேள்வி: நானும் அக்காவும் கையால் தைத்த பைகளை இணையத்தில் விற்கப்போகிறோம் சார். மொத்தம் 60 மாடல். ஓப்பன் சோர்ஸ், அதாவது கோடு (மென்பொருளின் மூல நிரல்) எல்லோருக்கும் திறந்திருக்கும், இணையக் கடை நடத்தும் கார்ட் மென்பொருள் போட்டால் மாதச் சந்தா இல்லை என்கிறார்கள். ஒருவர் மெஜென்டோ என்கிறார், இன்னொருவர் வூகாமர்ஸ், மூன்றாமவர் ஓப்பன்கார்ட். வசதிகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டோம், தலைசுற்றல்தான் மிச்சம். எதை எடுக்கலாம்?

பதில்: அட்டவணையை மூடி வையுங்கள். எல்லாக் கட்டத்திலும் ஏறக்குறைய டிக்தான் விழும். அதற்குப் பதிலாக ஒன்றை யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பணம் கட்டும் பக்கம் வெள்ளைவெளேரென்று நிற்கிறது. யாருக்குப் போன் போடுவீர்கள்? அந்த ஆளுக்கு எந்த மென்பொருள் தெரியுமோ, அதை எடுங்கள். அப்படி ஆளே இல்லையென்றால் சந்தா கட்டி யாராவது நடத்தும் சேவையில் கடை போடுவது குறைச்சலான விஷயமே இல்லை. சந்தா இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஹோஸ்டிங் (தளத்தை வைக்க சர்வரில் இடம் பிடிப்பது), பேக்கப், அப்டேட், உடைந்ததை ஒட்டுவது எல்லாம் உங்கள் இருவர் தலையில் விழும்.

மெஜென்டோவை முதலில் தள்ளிவிடுகிறேன். 2008இல் வந்தது, 2018இல் அடோபி கைக்குப் போனது, இலவசப் பதிப்பு இன்றும் இருக்கிறது. பெரிய கடைகளுக்குப் பிரமாதமான சாமான். ஆனால் பொருள் தேடலுக்கு மட்டுமே ஓப்பன்சர்ச் போன்ற தனி மென்பொருளை சர்வரில் ஓடவிட வேண்டும். 60 பைக்கு, பலர் பங்கு போடும் சின்ன ஹோஸ்டிங்கில் இதை ஏற்றுவது குருவி தலையில் பனங்காய்.

வூகாமர்ஸ் தனி மென்பொருள் இல்லை, இணையதளம் உருவாக்கும் வேர்ட்பிரஸ் மேல் உட்காரும் ப்ளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள். 2011இல் ஜிகோஷாப் என்ற இன்னொரு ப்ளகினின் கோடிலிருந்து பிரிந்து வந்தது. இதன் பெரிய பலமே வேர்ட்பிரஸ் தெரிந்த ஆட்கள் எங்கும் கிடைப்பதுதான். பலவீனம், கடை இலவசம், அலமாரிக்குக் காசு என்ற கதை. மாதாந்தர ஆர்டர், முன்பதிவு மாதிரியான ப்ளகின்கள் பல ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவை. ஓப்பன்கார்ட், பிரெஸ்டாஷாப் இரண்டும் கடைக்காகவே பிறந்தவை. கட்டுரை, வலைப்பதிவு எதுவும் வேண்டாம், விற்றால் போதும் என்றால் அவற்றின் நிர்வாகப் பக்கம் உங்களுக்கு இன்னும் இயல்பாக இருக்கலாம். அங்கேயும் காசு கேட்கும் மாட்யூல்கள் உண்டு.

சரி, இரண்டை மட்டும் தேர்ந்துகொண்டு சோதனைக்கு நிறுவுங்கள். டெமோவில் வரும் டி‑ஷர்ட்டை நம்பாதீர்கள். அது எல்லா மென்பொருளிலும் அழகாகத்தான் இருக்கும். உங்களிடம் இருப்பதிலேயே தொல்லை பிடித்த பையை உள்ளே போடுங்கள். 3 அளவு, 4 நிறம் என்றால் 12 வகை. வூகாமர்ஸில் ஸ்டாக் கணக்கு வைப்பதற்கான டிக் இரண்டு இடத்தில் இருக்கும்: பையின் பொதுப் பக்கத்தில் ஒன்று, ஒவ்வொரு வகையின் உள்ளே ஒன்று. பொதுப் பக்கத்தில் போட்டு 5 என்று எழுதினால், அந்த ஐந்தை 12 வகையும் பங்குபோட்டுக்கொள்ளும். தைத்தே இராத சிவப்புப் பெரிய பையும் இருப்பதாகக் காட்டும். அதை யாராவது வாங்கிப் பணமும் கட்டிய பிறகுதான் அக்காவுக்கே விஷயம் தெரியவரும்.

அப்புறம் ஸ்டாக்கை 1 என்று வைத்து, ஒரே நேரத்தில் இரண்டு பிரவுசரில் இருவரும் அதே பையை வாங்கிப் பாருங்கள். ஒருவர் பணம் கட்டாமல் பாதியில் விட்டுவிடுங்கள். வூகாமர்ஸ் இயல்பாக 60 நிமிடம் அவருக்காகப் பிடித்து வைக்கும், பிறகு ஆர்டரை ரத்து செய்யும். ஆனால் வேர்ட்பிரஸின் உள் அலாரம் யாராவது தளத்துக்குள் வந்தால்தான் அடிக்கும். ஆள் வராத புதுக் கடையில் ஒரு மணி நேரம் என்று போட்டது விடிகாலையில் நடக்கும். பயப்படாதீர்கள், சர்வரே குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் வசதிக்கு அதை மாற்றி வைத்தால் நேரத்துக்கு அடிக்கும். இந்த இரண்டு சோதனைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். எதில் உங்களுக்குக் குறைவாக எரிச்சல் வந்ததோ, அதுதான் உங்கள் மென்பொருள்.

கேள்வி: கோடு எல்லோருக்கும் தெரியும் என்றால் திருடனுக்கும் தெரியுமே?

பதில்: தெரியும். ஆனால் பெரும்பாலும் அவன் கோடைப் படித்து ஓட்டை தேடிக் கஷ்டப்படுவதில்லை; ஏற்கெனவே ஊரறிந்த ஓட்டையை யார் அடைக்கவில்லை என்று பார்க்கிறான். மெஜென்டோவின் முதல் தலைமுறைக்கு 2020 ஜூன் 30உடன் ஆதரவு முடிந்தது. அதே செப்டம்பரில், ஒரே வார இறுதியில், ஏறக்குறைய 2,000 கடைகளின் பக்கங்களில் அட்டை விவரத்தைத் திருடும் கோடு நுழைந்தது. பெரும்பாலானவை அந்தப் பழைய தலைமுறையில் ஓடிக்கொண்டிருந்த கடைகள். நீங்கள் செய்யக்கூடியது: அட்டை எண்ணை உங்கள் பக்கத்தில் வாங்கவே வாங்காதீர்கள், பேமென்ட் கேட்வேயின் (உங்களுக்காகப் பணம் வாங்கித் தரும் சேவையின்) சொந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். அப்படியும் தளத்துக்குள் நுழைந்தவன் வாங்குபவரைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பலாம் என்பதால் அப்டேட்டுக்கு லீவு கிடையாது. பயன்படுத்தாத ப்ளகினை நிறுத்தினால் மட்டும் போதாது, அழித்துவிடுங்கள்.

கேள்வி: கோடை எங்களுக்கு ஏற்ப மாற்றினால் அதை வெளியிட வேண்டுமா?

பதில்: வூகாமர்ஸ், ஓப்பன்கார்ட் இரண்டும் ஜிபிஎல் உரிமம். உங்கள் சர்வரில் நீங்களே ஓட்டும்வரை வெளியிட வேண்டியதில்லை. அடுத்தவருக்குக் கொடுத்தால்தான் அந்தக் கேள்வி வரும். மெஜென்டோ, பிரெஸ்டாஷாப் இவற்றின் மையக் கோடு ஓஎஸ்எல் 3.0 என்ற வேறொரு உரிமம். அதில் இணையம் வழியாகப் பிறர் பயன்படுத்துவதையும் விநியோகமாகவே எடுத்துக்கொள்ளும் பிரிவு இருக்கிறது. பெரிதாக மாற்றப்போகிறீர்கள் என்றால் முதலில் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி (வேறொரு கடைக்காரர்): எங்கள் டெவலப்பர் மென்பொருளின் மூலக் கோப்புகளிலேயே கை வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கே என்ன மாற்றினார் என்று தெரியாது. ஒன்றரை வருஷமாக அப்டேட் செய்யப் பயமாக இருக்கிறது.

பதில்: அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு கடைக்கு, குறிப்பிட்ட எடைக்கு மேல் அனுப்பும் கட்டணம் கூடும்படி மூலக் கோப்பிலேயே நானும் நாலு வரி எழுதினேன். வேலை பத்து நிமிடம். ப்ளகினாக எழுதியிருந்தால் அரை நாள் ஆகியிருக்கும், சோம்பேறித்தனம். மூன்று மாதம் கழித்து அப்டேட் வந்தது, புதுக் கோப்பு பழையதன் மேல் உட்கார்ந்தது, என் நாலு வரி காணாமல் போனது. திரையில் எந்தப் பிழையும் இல்லை, கடை ஜோராக ஓடியது. இரண்டு நாள் கழித்து முதலாளி அம்மாவே போன் செய்து, "தம்பி, கனமான பார்சலுக்கும் சின்னப் பார்சல் காசுதான் வந்திருக்கு, ஏதாவது சலுகை விட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். 11 பார்சலின் வித்தியாசத்தை என் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகப் பக்கத்தில் பதிப்பு எண் இருக்கும். அதே பதிப்பை, ஒரு புள்ளிகூட மாறாமல், புதிதாக இறக்குங்கள். உங்கள் சர்வரில் இருப்பதையும் ஒரு நகல் எடுத்து, இரண்டு ஃபோல்டரையும் ஒப்பிடும் கருவியில் போடுங்கள். மெல்ட், வின்மெர்ஜ் இரண்டுமே இலவசம். அவர் கை வைத்த வரிகள் நிறத்தோடு எழுந்து நிற்கும். நான் பார்த்தவரை இப்படிக் கிடைப்பவற்றில் பாதி பட்டனின் பெயர், நிறம் மாதிரிச் சில்லறை. அதை சைல்ட் தீமிலோ (அப்டேட் தொடாத, தோற்றத்துக்கான தனி ஃபோல்டர்) அமைப்புகளிலோ முடித்துவிடலாம். கட்டணம், தள்ளுபடி, வரி, ஸ்டாக் இவற்றைத் தொடும் வரிகளை மட்டும் தனி ப்ளகினாக எழுதக் கொடுங்கள். கடையின் நகல் ஒன்றில் அந்த ப்ளகினைப் போட்டு, அப்டேட்டை அங்கே ஓட்டி, கனமான பார்சல் ஒன்றுக்கு நீங்களே ஆர்டர் போட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். நகலை எடுத்ததும் அதன் மின்னஞ்சல் அனுப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் போன வருஷம் வாங்கியவர்களுக்கெல்லாம் "உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது" என்று கடிதம் போனாலும் போகும்.