செயின்ட் லூயிஸில் இரண்டு நாள்: வாசகர் கேள்வி–பதில்

மிசிசிபி ஆற்றங்கரையில், மிசோரி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது செயின்ட் லூயிஸ். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர், படிக்கப் போயிருக்கும் மாணவர்கள் என்று பலர் இந்த நகரம் பற்றிக் கேட்டிருந்தார்கள். அவற்றில் சில இங்கே.

மகன் சிகாகோவில் வேலை பார்க்கிறான். ஒரு சனி, ஞாயிறு செயின்ட் லூயிஸ் போய்வரலாம் என்கிறான். இரண்டு நாள் போதுமா? எங்கே தங்கினால் அலைச்சல் குறையும்?
– தஞ்சாவூர் வாசகி

போதும். இன்டர்ஸ்டேட் 55 வழியாகச் சுமார் 300 மைல். வழியில் ஒருமுறை நிறுத்தினால் ஐந்து மணி நேரத்துக்குமேல் ஆகும். ஆம்ட்ராக் ரயிலும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் எடுக்கும். முதுகுவலி உள்ளவர்களுக்கு ரயில்தான் சுகம். இறங்கும் நிலையத்தை ஒட்டியே மெட்ரோலிங்க் உள்ளூர் ரயிலின் சிவிக் சென்டர் நிறுத்தம் இருக்கிறது.

பார்க்க வேண்டியவை பெரும்பாலும் இரண்டு இடங்களில் திரண்டிருக்கின்றன. ஆற்றங்கரை டவுன்டவுனில் கேட்வே ஆர்ச் என்ற பிரம்மாண்டமான எஃகு வளைவும் பழைய நீதிமன்றமும். மேற்கே ஐந்து மைல் தள்ளி ஃபாரஸ்ட் பார்க். ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் காலை அது, மாலை இது என்று போட்டால் பாதிப் பொழுது பார்க்கிங் தேடுவதிலேயே போய்விடும்.

தங்குவதற்கு எங்கள் ஓட்டு சென்ட்ரல் வெஸ்ட் எண்ட் பகுதிக்கு. பூங்காவை ஒட்டியது, உணவகங்களுக்கு நடந்தே போகலாம், மெட்ரோலிங்க் நிலையமும் உண்டு. டவுன்டவுனில் அறை நிறைய கிடைக்கும். ஆனால் அலுவலகங்கள் மூடியபின் பல தெருக்கள் வெறிச்சோடிவிடும். பேஸ்பால் ஆட்டம் இருக்கும் நாளிலோ கதை தலைகீழ்: கூட்டம் பிதுங்கும், அறை வாடகையும் பார்க்கிங் கட்டணமும் ஏறும். முன்பதிவுக்குமுன் கார்டினல்ஸ் அணி அந்த வாரம் உள்ளூரில் ஆடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆர்ச்சின் உச்சிக்குப் போக அம்மாவுக்கு ஆசை. வயது 70, மூட்டுவலி. லிஃப்ட் இருக்கிறதாமே, கூட்டிப்போகலாமா?
– நாகர்கோவில் வாசகர்

அங்கே இருப்பது லிஃப்ட் இல்லை. அதற்கு டிராம் என்று பெயர். வளைந்த காலுக்குள் நேரான லிஃப்ட் ஏற முடியாது என்பதால், எட்டுச் சிறு கூண்டுகளைக் கோத்து, ராட்டினத் தொட்டில்போல ஒவ்வொன்றும் தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டு ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு கூண்டில் ஐந்து பேர். உள்விட்டம் ஐந்தடி, கதவின் உயரம் நான்கடிதான். குனிந்து நுழைந்து, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். கூண்டு நிமிரும் ஒவ்வொரு முறையும் 'கடக்' என்று ஒரு குலுங்கல். ஏற நான்கு நிமிடம், இறங்க மூன்று.

உங்கள் அம்மாவுக்குச் சிக்கல் கூண்டில் மட்டும் இல்லை. டிராமுக்குப் போகவும், மேலே இறங்கியபின் பார்வைத் தளத்துக்கு ஏறவும் படிகள் உண்டு. போக வர எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய நூறு படி வரும். மேலே உட்கார இருக்கை கிடையாது, கழிப்பறையும் கிடையாது. இறங்கும் டிராமுக்கு வரிசையில் நின்றே ஆக வேண்டும். சக்கர நாற்காலிக்கு அனுமதி இல்லை. மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுபவர்களும் தவிர்ப்பது நல்லது. 630 அடி உயரத்தில் கிடைப்பது பக்கத்துக்குப் பதினாறாக இருக்கும் சிறிய ஜன்னல்கள். ஒவ்வொன்றும் ஏழு அங்குல உயரம், இருபத்தேழு அங்குல அகலம். சரிவான சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்தால்தான் கீழே தெரியும்.

அம்மாவை ஏற்றாமலேயே ஆர்ச்சை நன்றாகக் காட்டலாம். அடியில், தரைக்குக் கீழே பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. அனுமதி இலவசம், சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். உச்சியிலிருந்து கேமரா அனுப்பும் நேரடிக் காட்சியையும் அங்கேயே பார்க்கலாம். பிறகு வெளியே வந்து ஒரு காலின் அடியில் நின்று, துருப்பிடிக்காத எஃகின்மேல் கையை வைத்து அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்களைக் கேட்டால் உச்சி ஜன்னலைவிட இதுதான் காட்சி.

ஏறுகிறவர்களுக்கு: டிக்கெட்டை இணையத்தில் முன்னதாகவே, காலை நேரத்துக்கு வாங்குங்கள். கோடை வார இறுதிகளில் நேரில் போய்க் கேட்டால் மாலைதான் இடம் கிடைக்கும், சில நாள் அதுவும் இருக்காது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் வாசலில் இருங்கள். விமான நிலையம்போலவே பையைச் சோதிப்பார்கள். பழம் நறுக்கக் கைப்பையில் போட்ட சின்னக் கத்தி இங்கேதான் மாட்டும். அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு சேதி. ஈரோ சாரினன் வடிவமைத்த இந்த வளைவின் கடைசித் துண்டைப் பொருத்தியது 1965 அக்டோபர் 28. அன்று வெயிலில் தெற்குக் கால் விரிந்துவிடாமல் இருக்கத் தீயணைப்புக் குழாயால் அதன்மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்தார்கள். பலத்த காற்றில் லேசாக அசையும்படியே கட்டியிருக்கிறார்கள். மேலே நிற்கும்போது ஆட்டம் தெரிந்தால் பதற வேண்டாம்.

அந்த ஊரில் மிருகக்காட்சி சாலை, மியூசியம் எல்லாமே இலவசம் என்கிறார்கள். அமெரிக்காவில் இலவசமா? எங்கே கொக்கி?
– சேலம் வாசகர்

கொக்கி இல்லை. வரி இருக்கிறது. நகரமும் சுற்றியுள்ள கவுன்ட்டியும் 1971இல் வாக்களித்து, தங்கள் சொத்துவரியில் ஒரு சிறு பங்கை இவற்றுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் கட்டுகிறார்கள், நாம் பார்க்கிறோம்.

ஃபாரஸ்ட் பார்க் சுமார் 1,300 ஏக்கர். 1904இல் உலகக் கண்காட்சி நடந்த இடம். மிருகக்காட்சி சாலை, கலை அருங்காட்சியகம், வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் மையம் நான்கிலும் பொது நுழைவு இலவசம். பணம் போகும் வழிகள் வேறு: மிருகக்காட்சி சாலையின் பார்க்கிங், உள்ளே ஓடும் குட்டி ரயில், கடல்சிங்கக் காட்சி, அறிவியல் மையத்தின் கோளரங்கம். பூங்காவின் உள்சாலை ஓரங்களில் காரை இலவசமாக நிறுத்தலாம். காலை பத்துக்குள் வந்தால் இடம் கிடைக்கும், பதினொன்றுக்குமேல் வட்டமடிக்க வேண்டியதுதான்.

கலை அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. 1904 கண்காட்சிக்காக நிரந்தரமாகக் கட்டிய மாளிகை அது. மிருகக்காட்சி சாலையில் இருக்கும் ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய பெரிய பறவைக் கூண்டும் அந்தக் கண்காட்சியின் மிச்சம்தான். பறவைகளுக்கு நடுவே நடந்து போகலாம். குரங்கையும் கரடியையும் பார்க்கும் அவசரத்தில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

கோடையில் போனால் பூங்காவுக்குள்ளேயே மியூனி என்ற திறந்தவெளி இசைநாடக அரங்கம் உண்டு. ஏறத்தாழ 11,000 இருக்கை. பின்வரிசைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இலவசம், முந்துகிறவர்களுக்கு. மேடை தொலைவில் தெரியும் என்பதால் பைனாகுலர் வைத்திருப்பவர்கள் கொண்டுபோகலாம்.

நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். கணவர் எல்லாம் சாப்பிடுவார். ஊருக்கே உரிய பண்டம் எதையாவது இருவரும் ருசிபார்க்க வழி உண்டா?
– கோவை வாசகி

கணவரின் பாடு சுலபம். பன்றித் தோள்பட்டையைத் தடியாக அரிந்து, சுட்டு, இனிப்புக் கலந்த சாஸில் வேகவைக்கும் போர்க் ஸ்டேக். ஓரத்துக் குருத்தெலும்பை வெட்டிச் செவ்வகமாக்கிய செயின்ட் லூயிஸ் ரிப்ஸ். இரண்டும் இந்த ஊரோடு பிணைந்தவை.

உங்களுக்குத்தான் எச்சரிக்கை தேவை. இங்கே பிரபலமான டோஸ்டட் ராவியோலி, பெயரில் டோஸ்ட் இருந்தாலும் எண்ணெயில் பொரித்தது. மாவுப் பொதியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, தக்காளி சாஸோடு தருவார்கள். சமோசாவின் சித்தப்பா மகன் என்று எண்ணிக் கையை நீட்டிவிடாதீர்கள். வழக்கமான பூரணம் மாட்டிறைச்சி. சில உணவகங்களில் சீஸ் பூரணமும் உண்டு. ஆனால் மாவிலும் மேல்பூச்சிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும், பொரிக்கும் எண்ணெயும் பொதுவானது. ஆகவே அதைக் கணவருக்கே விட்டுவிடுங்கள். அதற்குப் பேர்போன இடம் தி ஹில் என்ற இத்தாலியக் குடியிருப்பு. தெருவோரத் தீயணைப்புக் குழாய்களுக்குக்கூட இத்தாலியக் கொடியின் மூன்று நிறம் பூசியிருப்பார்கள்.

உங்களுக்கு ஏற்றது இந்த ஊர் பீட்ஸா. புளிக்கவைக்காத மாவு, அப்பளம்போல மெல்லிய அடி. முக்கோணமாக அல்லாமல் சதுரமாக வெட்டித் தருவார்கள். மேலே மொசரெல்லாவுக்குப் பதில் ப்ரோவெல் என்ற பதப்படுத்திய சீஸ். லேசான புகைவாசம், பல்லில் ஒட்டும். உள்ளூர்க்காரர்கள் உயிரை விடுவார்கள், வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். முதலில் சின்ன அளவு வாங்கிப் பாருங்கள். மாவில் முட்டை உண்டா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சீஸில் சேரும் ரென்னட்டையும் (பாலைத் திரிக்கும் பொருள், கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம்) தவிர்ப்பவர் என்றால் சீஸ் இல்லாமல் காய்கறி மட்டும் போட்டுக் கேட்கலாம். இத்தாலிய உணவகத்தில் சாஸ் கேட்கும்போது மரினாரா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறும் சிவப்பு சாஸ் என்றால் கறி சேர்ந்ததும் வரும். மினஸ்ட்ரோன் சூப்பில் காய்கறிதான் தெரியும், கொதிக்கவைத்த நீர் மாட்டெலும்புச் சாறாக இருக்கலாம்.

இனிப்பிலும் இதே கண்ணி. கூயி பட்டர் கேக்கின் நடுப்பகுதி குழைவாக இருப்பதில் முட்டைக்கும் பங்கு உண்டு. ஃப்ரோஸன் கஸ்டர்ட் பார்க்க ஐஸ்கிரீம். ஆனால் முட்டை மஞ்சள்கரு சேர்த்தால்தான் அமெரிக்கச் சட்டப்படி அதற்கு அந்தப் பெயரே வைக்கலாம். கணவர் மட்டும் சிப்பேவா தெருவிலுள்ள டெட் ட்ரூஸ் கடைக்குப் போய் 'கான்கிரீட்' என்ற கெட்டியான கஸ்டர்ட் கேட்கட்டும். கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கையில் தருவார்கள், சிந்தாது. பழைய ரூட் 66 சாலையில் இருக்கும் கடை அது. குளிர்காலத்தில் சில வாரம் மூடிவிடுவார்கள்.

மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்தில் பில்லின்மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். வைக்காமல் எழுந்து வந்தால் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

6, 9 வயதில் இரண்டு வாண்டுகள். மியூசியம் என்றாலே ஓட்டம் பிடிக்கிறார்கள்.
– திருச்சி வாசகி

சிட்டி மியூசியத்துக்குக் கூட்டிப்போங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய செருப்புக் கம்பெனிக் கட்டடத்தைக் குகை, கம்பிச் சுரங்கம், பத்து மாடிச் சறுக்குமரம் என்று குடைந்து வைத்திருக்கிறார்கள். 1997இல் திறந்தது. இதற்குக் கட்டணம் உண்டு.

முழங்காலை மூடும் பேன்ட் கட்டாயம். அரைக்கால் சட்டையில் போன பிள்ளை தோல் உரிந்துதான் திரும்பும். முட்டிக் கவசம் இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் தவழ வேண்டியிருக்கும் என்பதால் உங்களுக்கும் புடவை, துப்பட்டா வேண்டாம். சுரங்கத்துக்குள் புகுந்த பிள்ளை வேறு மாடியில் வெளியே வரும். உங்கள் போன் நம்பரை அதன் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். காணாமல்போனால் சந்திக்கும் இடத்தையும் நுழைந்தவுடனே காட்டிவிடுங்கள். மழையிலும் குளிர்காலத்திலும் மொட்டைமாடி மூடியிருக்கும்.

கார் இல்லாத மாணவன் நான். சமாளிக்க முடியுமா?
– சென்னை வாசகர்

பாதி முடியும். விமான நிலையத்தின் இரு டெர்மினல்களிலிருந்தும் மெட்ரோலிங்க் சிவப்புத் தடம் டவுன்டவுனுக்குப் போகிறது. ஃபாரஸ்ட் பார்க்–டிபாலிவியர் நிலையத்தில் இறங்கினால் வரலாற்று அருங்காட்சியகம் சில நிமிட நடை. மிருகக்காட்சி சாலை அங்கிருந்து ஒரு மைலுக்கும் மேல். தி ஹில், தாவரவியல் பூங்கா, டெட் ட்ரூஸ் எதற்கும் ரயில் இல்லை. டாக்ஸி ஆப்தான் வழி, மூன்றையும் ஒரே பிற்பகலில் முடித்தால் செலவு குறையும். இரவு வெகுநேரம் கழித்து வெறும் நடைமேடையில் காத்திருக்காதீர்கள்.

உள்ளூரில் வழி கேட்டால் 'ஹைவே 40' என்பார்கள். பலகையில் இன்டர்ஸ்டேட் 64 என்று இருக்கும். இரண்டும் ஒரே சாலை.

எந்த மாதம் நல்லது?
– புதுச்சேரி வாசகர்

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர். ஜூலையில் 32 டிகிரிக்குமேல், கூடவே நம் கடற்கரை ஊர்களின் புழுக்கம். ஜனவரியில் உறைபனி. வசந்தகாலத்தில் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதினால் விடுதியின் கீழ்த்தளத்துக்கு, ஜன்னலில்லாத இடத்துக்குப் போய்விட வேண்டும். மாதம் ஒருமுறை பகலில் ஒத்திகைக்காகவும் ஊதுவார்கள். வானம் தெளிவாக இருந்தால் விடுதி வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மதியம் காரில் சிகாகோ திரும்புவோம். காலையில் மூன்று மணி நேரம் மிச்சம். கதீட்ரலா, தாவரவியல் பூங்காவா?
– மதுரை வாசகர்

கதீட்ரல் பசிலிக்காவில் 4 கோடியே 15 லட்சம் மொசைக் சில்லுகள் சுவரையும் விதானத்தையும் மூடியிருக்கின்றன. 1912இல் தொடங்கி 1988இல் முடித்த வேலை. ஆனால் ஞாயிறு காலை பூசை நேரம், சுற்றிப்பார்க்க முடியாது. அதைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். 1859இல் தொடங்கிய மிசோரி தாவரவியல் பூங்கா அருமைதான். அதன் ஜப்பானியத் தோட்டமும் கண்ணாடிக் குவிமாடமும் அவசரமாகப் பார்த்தாலே மூன்று மணி நேரம் கேட்கும்.

நீங்கள் போகும் பாதையிலேயே இருப்பதால் எங்கள் யோசனை கஹோக்கியா மேடுகள். ஆற்றைத் தாண்டி இல்லினாய்ஸுக்குள் பதினைந்து, இருபது நிமிடம். 1982 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரம். கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய பெரிய மேடு நூறடி உயரம், அடிப்பரப்பு சுமார் 14 ஏக்கர். படி ஏறி உச்சிக்குப் போனால் மேற்கே ஆர்ச் தெரியும். நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள். பத்தரைக்கு இறங்கி இன்டர்ஸ்டேட் 55இல் வடக்கே திரும்பினால் மாலை நான்கு மணி வாக்கில் சிகாகோ.