ட்ராக்கில் ஓட்டும் காருக்கு எந்த பிரேக் டிஸ்க்? – கேள்வி பதில்

கோவையிலிருந்து: அண்ணா, என்னிடம் இருப்பது பிஎம்டபிள்யூ எம்2. முன் டிஸ்க் தேய்ந்துவிட்டது. கம்பெனியில் வந்தது ஓட்டை போட்ட டிஸ்க். திரும்ப அதையே போடவா, கோடு கீறினதா, இல்லை வெறும் டிஸ்க்கா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 1,500 கிலோ கார் 240 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கினால், ஏறக்குறைய 30 லட்சம் ஜூல் வெப்பமாக மாறும். அதில் முன் பிரேக்குகளின் பங்கு சுமார் 70 சதவீதம். ஒரு டிஸ்க்கின் எடை 10 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு தடவையிலேயே அதன் சூடு 200 டிகிரிக்கு மேல் ஏறும். 8 கிலோ டிஸ்க் என்றால் 270 பக்கம் போகும். அடுத்த வளைவு வருவதற்குள் அது முழுசாக ஆறிவிடாது. மிச்ச சூட்டின் மேல்தான் அடுத்த சூடு ஏறும்.

ஆக, ட்ராக் டிஸ்க்கில் நீங்கள் காசு கொடுக்க வேண்டியது இரும்பின் எடைக்கும், உள்ளே காற்று போகும் வழிக்கும்தான். ஓட்டை அந்த எடையைக் குறைக்கிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பும் விரிசல் தொடங்க ஒரு இடம். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடுகள் பழைய காலத்தில் சூட்டில் நிறைய வாயு விடும், அது வெளியேற ஓட்டை தேவைப்பட்டது. இப்போதைய பேடுகளில் அந்தப் பிரச்சினை குறைவு. ஓட்டை போட்ட டிஸ்க்கில் மழையில் முதல் கடி நன்றாக இருக்கும், பார்க்கவும் அழகு. அதற்கு மேல் ட்ராக்கில் அதனால் பெரிய லாபம் இல்லை. வெறும் டிஸ்க் போடுங்கள், அல்லது கோடு கீறினது. கோடு பேடின் முகத்தைச் சுரண்டி சுத்தமாக வைக்கும். பேட் கொஞ்சம் சீக்கிரம் தேயும், ஒரு உறுமல் சத்தமும் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து: இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் டிஸ்க் முழுக்க மெல்லிய விரிசல். தூக்கிப் போட்டுவிடவா சார்?

முடி போல மேலோட்டமாக இருந்தால் அது சூட்டுக் கீறல், பயம் வேண்டாம். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் கவனிக்க வேண்டிய கட்டம். ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு விரிசல் சேர்ந்துவிட்டாலோ, வெளி விளிம்பைத் தொட்டுவிட்டாலோ, அந்த டிஸ்க்கோடு இன்னொரு லேப் போகாதீர்கள். வீட்டுக்கும் அதில் ஓட்டிப் போக வேண்டாம்.

குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். ட்ராக் ஓட்டுபவர்கள் அந்த எண்ணைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. தடிமன் குறையக் குறைய எடையும் குறைகிறது, மேலே போட்ட கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும். அப்புறம், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிட்டில், அதாவது ட்ராக் ஓரம் கார் நிறுத்தும் இடத்தில், யாராவது பக்கெட்டோடு வந்தால் தடுத்துவிடுங்கள்.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து: சிப்பாங் ட்ராக்கில் நேர்ப்பாதை முடிவில் நாலைந்து லேப்புக்குப் பிறகு பெடல் ஆழமாகப் போகிறது. பெரிய டிஸ்க் மாற்றினால் சரியாகுமா?

இப்போதைக்கு டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். பெடல் மெத்தென்று கீழே போனால் பிரேக் ஆயில் கொதிக்கிறது என்று அர்த்தம். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால்தான் பேட் கைவிட்டது. உங்களுடையது முதல் ரகம். சிப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளும் இறுக்கமான வளைவில் போய் முடிகின்றன, பிரேக்குக்கு அங்கே ஓய்வே கிடையாது.

டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் இழுத்துவிட்டால் அது 155 வரை இறங்கலாம். உங்கள் ஊர்க் காற்றின் ஈரப்பதம் உங்களுக்கே தெரியும். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயில் ஊற்றுங்கள், அடிக்கடி மாற்றுங்கள். டாட் 5 என்ற சிலிக்கான் ஆயில் பக்கமே போகாதீர்கள், ஏபிஎஸ் உள்ள காருக்கு அது ஆகாது. அடுத்தது ட்ராக் பேட், அதற்கடுத்தது முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றுக் குழாய். இத்தனைக்குப் பிறகும் தீரவில்லை என்றால் டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம்.

டிஸ்க் விளிம்பில் வெப்பப் பெயின்ட் தடவினால் ஊகமே வேண்டாம். பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். மூன்றும் மாறியிருந்தால் முதல் வேலை காற்றுக் குழாய்தான்.

சென்னையிலிருந்து இன்னொருவர்: டிஸ்க்கில் இடது, வலது உண்டா? மெக்கானிக் கோட்டின் திசையைப் பார்த்து மாட்டினார்.

கோட்டின் திசை பெரிய விஷயமில்லை. பார்க்க வேண்டியது இரண்டு தட்டுகளுக்கும் நடுவே இருக்கும் வளைந்த தடுப்புகளை. டிஸ்க் சுற்றும்போது நடுவில் காற்றை இழுத்து வெளி விளிம்பு வழியாக வீசுகிறது, ப்ளோயர் விசிறி மாதிரி. காரில் மாட்டிய பிறகு டிஸ்க்கின் மேல் பகுதியைப் பாருங்கள். தடுப்புகள் நடுவிலிருந்து மேலே போகப் போகக் காரின் பின்பக்கம் சாய வேண்டும். முன்பக்கம் சாய்ந்திருந்தால் இடமும் வலமும் மாறிவிட்டது. தடுப்புகள் நேராக இருந்தால் எந்தப் பக்கமும் போடலாம். சில கார்களுக்கு வளைந்த தடுப்பையே இரண்டு பக்கமும் ஒரே பார்ட் நம்பரில் கொடுக்கிறார்கள். அது கம்பெனியின் சிக்கனம், மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம்.

பெங்களூரிலிருந்து: போர்ஷே 991 ஜிடி3, செராமிக் டிஸ்க். ட்ராக்குக்கு இரும்புக்கு மாறச் சொல்கிறார்கள். உண்மையா?

அடிக்கடி ட்ராக் போவதானால், ஆமாம். செராமிக் இரும்பில் ஏறக்குறைய பாதி எடைதான், ரோட்டில் வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் தொடர்ந்து கடும் சூடு பட்டால் அதிலுள்ள கார்பன் மெல்ல எரிந்து போகிறது. தடிமன் அப்படியே இருக்கும், எடை குறையும். அதனால்தான் அந்த டிஸ்க்கில் குறைந்தபட்ச எடையையும் பொறித்திருக்கிறார்கள். கழற்றித் தராசில் வைத்துப் பாருங்கள். சக்கரம் கழற்றும்போது ரிம் இடித்து விளிம்பு பெயர்ந்தாலும் செலவுதான்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் காரில் செராமிக் முன்னால் 410, பின்னால் 390 மி.மீ. கம்பெனி இரும்பு டிஸ்க் 380. டிஸ்க்கை மட்டும் வாங்கி மாட்ட முடியாது. செராமிக் அளவிலேயே செய்த இரும்பு டிஸ்க் கிட் வாங்குங்கள், பேடையும் இரும்புக்கானதாக மாற்றுங்கள். கழற்றிய செராமிக்கைத் துணி சுற்றிப் பத்திரமாக வையுங்கள். கார் விற்கும்போது அதற்கு மதிப்பு உண்டு.

சேலத்திலிருந்து: பிரேக் போட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் கோணியிருக்கிறது, லேத்தில் கடைந்தால் போதும் என்கிறார்கள்.

பெரும்பாலும் கோணியிருக்காது. பேடின் படலம் டிஸ்க்கில் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். கொதிக்கும் பிரேக்கோடு பிட்டுக்கு வந்து பெடலை மிதித்தபடி நின்றால் அப்படித்தான் ஆகும். அந்தத் திட்டு மேலும் மேலும் சூடேறி, அடியில் இருக்கும் இரும்பே கெட்டியாகிவிடும். அந்த நிலையில் கடைந்தாலும் கொஞ்ச நாளில் உதறல் திரும்பி வரும், தடிமன் போனதுதான் மிச்சம். புதுசு வாங்குங்கள். மாட்டும் முன் டிஸ்க் உட்காரும் ஹப்பின் துருவைத் தேய்த்து எடுங்கள், மாட்டிய பிறகு டிஸ்க்கைச் சுற்றி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ.க்குள் ஆட்டம் இருந்தால் நல்லது. பிறகு காலி ரோட்டில் 100-லிருந்து 20 வரை, முழுசாக நிற்காமல், பத்துத் தடவை இறக்குங்கள். கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

கோவையிலிருந்து மறுபடியும்: நடுப்பகுதி அலுமினியத் தொப்பியாகவும் வெளி வளையம் இரும்பாகவும் இருக்கும் இரண்டு துண்டு டிஸ்க் போடலாமா? ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

போடலாம். இரும்பு வளையம் சூட்டில் தாராளமாக விரியும், தொப்பி அலுமினியம் என்பதால் மொத்த எடையும் குறையும், அடுத்த முறை வளையம் மட்டும் வாங்கினால் போதும். சில ரகங்களில் கலகலவென்று சத்தம் வரும். வளையம் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வேண்டவே வேண்டாம். முன் இரண்டையும் சேர்த்து, புது பேடோடு.